தரையில் நிற்கும் விமானம்

யாழ்ப்பாணத்திலிருந்து வல்லைவெளியைக் கடந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் பேருந்து நெல்லியடிச் சந்தியில் நிற்கும்போது, இறங்குவோர் காதில் முதலில் விழுவது சந்தையின் ஆரவாரம். அந்த ஆரவாரத்தை விட்டுச் சற்றே உள்ளே நடந்தால் ஒழுங்கைகள் தொடங்கும். அத்தகைய ஓர் ஒழுங்கையில் உள்ள ஒரு வீட்டின் விறாந்தையில், பதினைந்து வயது மாணவன் ஒருவன் பழைய பத்திரிகைத் தாளை விரித்து அமர்ந்திருக்கிறான். தாளின் மேல் ஒரு சாண் அளவு கூட இல்லாத போர் விமானம் ஒன்று இருக்கிறது. கையிலே மெல்லிய தூரிகை. பக்கத்திலே வர்ணக் குப்பிகள். ஒரு சிரட்டையில் நீர்.

அந்த விமானம் பெட்டியில் வந்த உருவமாதிரி. இலண்டனில் வாழும் தாய்மாமன் அனுப்பியது. பெட்டிக்குள்ளே பிளாஸ்டிக்கினாலான சிறு உறுப்புகள் சட்டங்களிற் கோக்கப்பட்டு இருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, ஓரங்களை அரத்தாளினால் தேய்த்து, பசையிட்டுப் பொருத்தினால் விமானம் உருவாகும். அதன் பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது. வர்ணம் தீட்டுவது ஒரு வேலை. தீட்டிய வர்ணத்தைப் பழசாக்குவது மற்றொரு வேலை. வெயிலும் மழையும் புகையும் எண்ணெயும் மனிதர் காலடியும் ஒரு பொறியின்மேல் விட்டுச்செல்லும் அடையாளங்களை வேண்டுமென்றே உண்டாக்குவதுதான் அந்த இரண்டாவது வேலை.

புதுப்பொருளைப் பழம்பொருளாக்குவது வீண்வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆயின், இவ்வேலையைச் செம்மையாகச் செய்ய முற்படுகின்றவன் வரலாறு, பௌதிகம், ஓவியம் ஆகிய மூன்றையும் கற்றே ஆகவேண்டும் என்பதைச் சற்று நோக்கினால் விளங்கும். அதற்கு மேலாக வேறொன்றையும் அவன் கற்க நேரும். அதை நெல்லியடி மாணவனுக்குக் கற்பித்தவர் அவனுடைய அம்மம்மா.

முதலிலே அளவைப் பற்றிச் சில வார்த்தைகள். இத்தகைய மாதிரிகளிற் பரவலாக வழங்குவது எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவு. ஆறு அடிக்கு எழுபத்திரண்டு அங்குலம். ஆகவே, ஆறடி உயரமுள்ள மனிதன் இந்த உலகிலே ஓரங்குல மனிதனாகிறான். இந்த அளவு வெறும் விளையாட்டுக்காரர் வைத்துக்கொண்ட அளவன்று. இரண்டாம் உலகப் போரின்போது, வானத்திலே பறப்பது நண்பனுடைய விமானமா பகைவனுடையதா என்று ஒரு கணத்தில் அறியும் பயிற்சிக்காக விமானங்களின் உருவங்கள் தேவைப்பட்டன. 1942இல் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பாடசாலை மாணவர்களை வேண்டிக்கொண்டு, இலட்சக்கணக்கான மர மாதிரிகளை இதே அளவிற் செய்வித்தது. அவை கரிய நிறம் பூசப்பட்டன. நிழலுருவை மட்டும் கண்டு அடையாளம் அறிய வேண்டும் என்பதே நோக்கம். மாணவன் செதுக்கிய மரத்துண்டு ஒன்று, எங்கோ ஒரு வீரன் தன் நண்பனையே சுட்டு வீழ்த்தாமற் காத்தது என்றால் வியப்பில்லை. போருக்குப் பின்னர் பிளாஸ்டிக் வந்தது. 1953இல் இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் நிறுவனம் ஸ்பிட்பயர் விமானத்தின் மாதிரியை மலிவான விலையில் விற்கத் தொடங்கியதும் இந்தக் கலை சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது.

நெல்லியடி விறாந்தையில் இருப்பது ஸ்பிட்பயர் அன்று. அதனினும் மூத்த ஹரிக்கேன். சிட்னி காம் என்பவர் வடிவமைத்த இவ்விமானம் 1935 நவம்பர் 6ஆந் தேதி முதன்முதலாகப் பறந்தது. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. இறக்கைகளின் நுனிக்கு நுனி நாற்பது அடி. அந்த நாற்பது அடியும் மாணவனின் கையில் ஏறத்தாழப் பதினேழு சென்ரிமீற்றராகச் சுருங்கி நிற்கிறது.

ஹரிக்கேனுக்கும் தமிழ் மக்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். போர்க்காலத்தில் சென்னை மாகாணத்திலே திரட்டிய நன்கொடைக்கு அடையாளமாகப் பிரித்தானிய வான்படையின் அணிகள் சில மாகாணத்தின் பெயரையே தாங்கின. அவற்றுள் ஒன்றாகிய 79ஆம் அணி ஹரிக்கேன்களைச் செலுத்தியது. இலங்கையின் பெயர் 102ஆம் குண்டுவீச்சு அணிக்குச் சூட்டப்பட்டது. ஆயினும் நன்கொடையினும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. இலங்கையின் வானத்திலேயே ஹரிக்கேன்கள் போரிட்டு வீழ்ந்தன.

1942 ஏப்பிரல் 4ஆந் தேதி, கொக்கலையிலிருந்து புறப்பட்டுச் சென்ற கற்றலினா என்னும் கடல்விமானம், இலங்கைக்குத் தெற்கே பெருங்கடலில் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டது. அதைச் செலுத்தியவர் கனடா நாட்டவரான லெனாட் பேர்ச்சோல். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவருடைய விமானம் சுடப்பட்டுக் கடலில் வீழ்ந்தது. அவரும் உயிர் தப்பியோரும் சிறைப்பட்டனர். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையில், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து விமானங்கள் கொழும்பின்மேல் வந்தன. முன்னெச்சரிக்கை இருந்தும், இரத்மலானையிலே நின்ற ஹரிக்கேன்கள் எழும்புவதற்கு முன்னரே பகை விமானங்கள் தலைக்குமேல் வந்துவிட்டன. திருகோணமலையிலிருந்து அவ்வேளை பார்த்துக் கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்கள் ஆறும் வீழ்த்தப்பட்டன. துறைமுகத்தில் மட்டுமன்றி, அங்கொடையிலிருந்த மனநோய் மருத்துவமனையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அதே நாளில் தென்கடலில் டோர்செற்சயர், கோண்வால் என்னும் இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. நான்கு நாட்களின் பின், 9ஆந் தேதி, திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிற்று. அதன் உடல் இன்றும் அக்கடலின் அடியிலே கிடக்கிறது.

கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலைத் தற்காலிக விமானத் தளமாக்கி அங்கே 258ஆம் அணியின் ஹரிக்கேன்களை நிறுத்தியிருந்தார்கள். அவ்விடம் இன்று விளையாட்டு அரங்கும் கடைகளும் உள்ள இடம். அன்று காலை அங்கிருந்து எழுந்த ஹரிக்கேன்களிற் பாதிக்கு மேற்பட்டவை வீழ்ந்தன. மாணவன் தன் மாதிரியாகத் தேர்ந்தெடுத்தது அந்த அணியின் விமானம் ஒன்றையே.

வேலை தொடங்கிய நாட்களில் ஒரு மாலை, அம்மம்மா விறாந்தைப் படியில் வந்து அமர்ந்தார். எண்பது வயதைக் கடந்தவர். விளக்கேற்றிவிட்டு வந்தவர் பேரனின் கையிலுள்ள பொருளைச் சிறிதுநேரம் பார்த்தார்.

“உது ஏன் ராசா, வீட்டுக்குள்ளை உந்தச் சாமான்?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு காலம் இருந்தது. 1987ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வடமராட்சியிற் போர் மூண்டபோது, விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முற்றத்துப் பதுங்கு குழிக்குள் இறங்கியவர் அவர். ஜூன் 4ஆந் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளைப் போட்டபோதும், இரைச்சல் கேட்ட மாத்திரத்தில் மக்கள் முதலில் தேடியது குழியைத்தான். சோறு கொண்டுவரும் விமானமா, சாவு கொண்டுவரும் விமானமா என்று ஓசையைக் கொண்டு அறிய முடியுமா? அதன் பின்னரும் பல ஆண்டுகள் அந்த அச்சம் தொடர்ந்தது. போர் 2009இல் முடிந்தது. ஆயினும் வானத்திற் சற்றுத் தாழ்வாக ஏதேனும் பறந்தால், அம்மம்மாவின் கை தன்னையறியாமல் பக்கத்திலிருப்பவரின் கையைப் பற்றும்.

பேரன் இதை அறியாதவனல்லன். எனவே மெல்லச் சொன்னான்: “இது குண்டு போட வந்த பிளேன் இல்லை, அம்மம்மா. குண்டு போட வந்ததுகளை மறிக்கப் போனது.”

அம்மம்மா சிறிது சிந்தித்தார். “மறிக்கப் போனதுகள் திரும்பி வந்ததோ?”

அதற்கு அவனிடம் விடை இருக்கவில்லை. அவன் அதுவரை படித்தது நிறங்களைப் பற்றி மட்டுமே. மனிதர்களைப் பற்றி அன்று. ஒரு கேள்வி ஒரு மாணவனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அதன் பின் நடந்த வேலையே சான்று.

மேற்புறத்திலே மண்ணிறமும் கரும்பச்சையும் கலந்த மறைநிறத்தை அவன் பூசியிருந்தான். குப்பியிலிருந்து எடுத்த வர்ணத்தை அப்படியே பூசினால் மாதிரி பொம்மைபோலவே தோன்றும். காரணம் தொலைவு. வல்லைவெளியில் நின்று பார்ப்பவர்கள் இதனை நன்கு அறிவார்கள். வீதியோரத்துப் பனை கருமை கலந்த பச்சை. வெளிக்கு அப்பால் தொலைவிலே நிற்கும் பனைகளோ நீலம் தோய்ந்த சாம்பல் நிறம். மரம் ஒன்றே, இடையில் நிற்கும் காற்றே நிறத்தை மெலிவிக்கிறது. ஒரு சாண் விமானத்தைக் கையில் வைத்துப் பார்ப்பது, உண்மையான விமானத்தைப் பல பாகம் தொலைவிலே நின்று பார்ப்பதற்கு ஒப்பானது. ஆகவே ஒவ்வொரு வர்ணத்திலும் சிறிதளவு வெள்ளையோ சாம்பலோ கலந்து அதன் வீறைக் குறைக்க வேண்டும். தூரிகையிலே தடிப்பாக ஒருமுறை பூசுவதிலும், நீர்போலக் கரைத்து மூன்றுமுறை பூசுவது நன்று. ஒரு பூச்சு நன்கு உலர்ந்த பின்னரே அடுத்தது. ஆவணி வெயிலிலே விரைவாக உலரும். மார்கழி மழையிலே ஒருநாள் முழுவதும் காத்திருக்க வேண்டும். பொறுமையைக் கற்பிக்க இதனினும் நல்ல பாடம் அரிது.

அடுத்தது வட்டச் சின்னம். இங்கேதான் வரலாறு தன் கண்டிப்பைக் காட்டுகிறது. 1942 ஏப்பிரலில் பிரித்தானிய விமானங்களின் சின்னத்திலே நடுவில் சிவப்பு வட்டம் இருந்தது. ஜப்பானியருடைய சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். பரபரப்பான ஒரு கணத்தில் சிவப்பைக் கண்டு நண்பனைப் பகைவனெனச் சுடும் ஆபத்து இருந்தமையால், கிழக்கிலே பறந்த விமானங்களிலிருந்து பின்னர் சிவப்பு நீக்கப்பட்டது. இறுதியில், கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும் கொண்ட சின்னம் தென்கிழக்காசியாவில் வழங்கிற்று. ஆகவே இரண்டு நீலங்களோடு உயிர்த்த ஞாயிறு விமானத்தைச் செய்தால் அது பொய். சிவப்போடு 1944ஆம் ஆண்டு விமானத்தைச் செய்தால் அதுவும் பொய். ஒரு சிறு சிவப்புப் பொட்டு, காலத்தைச் சொல்லும் கடிகாரமாகிறது.

சின்னங்கள் நீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய தாள்களாக வருகின்றன. கரடான பரப்பின்மேல் ஒட்டினால் தாளுக்கு அடியிற் காற்று அகப்பட்டு வெள்ளி பூத்தாற்போல் மினுங்கும். எனவே முதலிலே பளபளப்பான வார்னிஷ் பூசி, அதன்மேல் சின்னத்தை ஒட்டி, இறுதியில் ஒளி மங்கிய வார்னிஷினால் மூடவேண்டும். இந்த இரண்டு வார்னிஷுகளுக்கும் இடையிலேதான் பழசாக்கும் வேலையின் பெரும்பகுதி நடைபெறுகிறது. கரும்பழுப்பு வர்ணத்தை மிகவும் நீர்க்கக் கரைத்துத் தகட்டு இடுக்குகளில் ஓடவிட வேண்டும். பின்பு துணியால் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். காற்று விமானத்தின்மேல் ஓடும் திசை அதுவே ஆதலால், அழுக்கும் அத்திசையிலேயே இழுபட வேண்டும். குறுக்கே துடைத்தால் விமானம் பக்கவாட்டிற் பறந்தது என்று பொருள்படும்!

இனி வர்ணம் உதிர்ந்த தழும்புகள். தொடக்கக்காரர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே. வெள்ளி வர்ணத்தை எடுத்து விமானம் முழுவதும் புள்ளி வைப்பார்கள். சிலர் துருவும் தீட்டுவார்கள். விமானத்தின் உடல் அலுமினியம். அலுமினியத்திற்கு இரும்புபோற் செந்துரு பிடிப்பதில்லை. புகை கக்கும் குழாய்கள் உருக்கினாலானவை; சூடேறி ஆறி ஆறித் துருநிறம் பெறுவன அவையே. இன்னுமொன்று: ஹரிக்கேனின் உடலில் முன்பாதி உலோகத் தகடு, விமானியின் இருக்கைக்குப் பின்னுள்ள பகுதி, உருக்குக் குழாய்களின்மேல் மரச் சலாகைகளை அமைத்துத் துணி போர்த்திய பகுதி. துணியிலே வர்ணம் உதிர்ந்தால் வெள்ளி தோன்றுமா? தோன்றாது. துணி வெளிறும், கறைபடும், ஒட்டுப்போடப்படும். ஆகவே ஒரே விமானத்தின் முன்பாதிக்கு ஒரு முதுமை, பின்பாதிக்கு வேறொரு முதுமை. இந்த வேறுபாட்டை அறிந்து செய்தவனுடைய மாதிரியைக் காண்போர், காரணம் சொல்லத் தெரியாவிடினும், இது மெய்யானது என்று உணர்வார்கள்.

உலோகப் பகுதியிலும் எல்லா இடமும் ஒரேயளவில் தேயாது. விமானி ஏறுவது இடப்புறமாக. எனவே இடது இறக்கை உடலோடு சேருமிடம் காலணிபட்டுத் தேய்ந்திருக்கும். வலப்புறம் அவ்வளவு தேயாது. எண்ணெய் ஊற்றும் மூடியைச் சுற்றிக் கறை இருக்கும். இயந்திரத்தின் மேற்றட்டுகளைத் திருகாணி கழற்றி நாள்தோறும் திறப்பவர்கள் இருந்தார்கள். அந்தத் திருகாணிகளைச் சுற்றியே வர்ணம் உதிரும். இப்படி நோக்கினால், ஒவ்வொரு தழும்பும் ஒரு மனிதனுடைய கை அல்லது கால். விமானியின் பெயர் வரலாற்றில் எழுதப்படலாம். திருகாணி கழற்றியவனின் பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அவன் உழைத்ததற்குச் சான்று அந்த உதிர்ந்த வர்ணமே. மாணவன் கடற்பஞ்சின் ஒரு நுனியைக் கிள்ளி, வெள்ளி வர்ணத்தில் தோய்த்து, தாளிலே ஒற்றி ஈரத்தைப் போக்கி, அந்த இடங்களில் மட்டும் மெல்லத் தொட்டான்.

புகைக்கறைக்கு வர்ணம் வேண்டியதில்லை. கரியைப் பொடியாக்கி, சோக்குக்கட்டியின் தூளோடு கலந்து, மெல்லிய தூரிகையாற் பின்னோக்கித் தடவினாற் போதும். அக்காலத்து எரிபொருளில் ஈயம் கலந்திருந்தது. அதனால் கறை முழுக் கருமையாயிராமல், பழுப்பும் வெளிறிய சாம்பலுமாகப் படியும்.

இறக்கைகளின் முன்விளிம்பிலே துப்பாக்கிகளின் வாய்கள். இவ்வேலையிலே மாணவனை நெடுநேரம் சிந்திக்க வைத்தது அதுவே. விமானம் தரையில் நிற்கும்போது துப்பாக்கி வாய்க்குள் தூசியும் ஈரமும் புகாதபடி, அவற்றின்மேல் துணித்துண்டை ஒட்டிவிடுவார்கள். முதற் குண்டு அந்தத் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அதன் பின் இறக்கையின்மேல் கரும்புகை பின்னோக்கிப் படியும். ஆகவே துணி கிழியாத விமானம் இன்னும் சுடாத விமானம். துணி கிழிந்து புகை படிந்தது போரிட்டுத் திரும்பிய விமானம். மாதிரி செய்பவன் இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். சண்டைக்கு முன்பா, சண்டைக்குப் பின்பா?

பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த படத்திலே விமானம் தீக்கனல் கக்கிக்கொண்டு பாய்ந்துகொண்டிருந்தது. புகை படிந்து, வர்ணம் உதிர்ந்து, குண்டு துளைத்த விமானமே அழகு என்று அவன் எண்ணியிருந்தான். அவனுடைய வயதில் அவ்வெண்ணம் இயல்பானதே. ஆயின் அம்மம்மாவின் கேள்வி அவனுடைய நெஞ்சை விட்டு அகலவில்லை. திரும்பி வந்தனவோ?

அவன் தேடிப் படித்தான். படிக்கப் படிக்க ஓர் உண்மை விளங்கிற்று. 30ஆம் அணியின் விமானங்கள் 1942 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் விமானந்தாங்கிக் கப்பலில் வந்து இரத்மலானையில் இறங்கின. 258ஆம் அணியோ, சிங்கப்பூரிலும் சுமாத்திராவிலும் ஜாவாவிலும் சிதறடிக்கப்பட்டு, அதே மார்ச்சு மாதத்திலேதான் இலங்கையில் மீண்டும் உருப்பெற்றது. ஏப்பிரல் 5ஆந் தேதி வரை அவை இந்நாட்டு வெயிலில் நின்றது ஒரு மாத அளவே. ஒரு மாதத்தில் எவ்வளவு வர்ணம் வெளிறும்? எவ்வளவு உதிரும்? அவன் தீட்ட எண்ணியிருந்த முதுமையில் பெரும்பகுதிக்கு அந்த விமானத்திற்குக் காலமே கிடைக்கவில்லை. பழசாவதற்கு முன்னரே அது வீழ்ந்துவிட்டது. அதைச் செலுத்தியவர்களில் பலரும் அத்தகையவர்களே. இருபதைச் சற்றே கடந்த இளைஞர்கள், நரை காணாதவர்கள். அன்றைய போர்களில் இறந்தோர் பலர் கொழும்பு லிவரமெந்து மயானத்திலும், திருகோணமலைப் போர் மயானத்திலும் துயில்கின்றனர். வீழ்ந்த ஜப்பானிய விமானிகளும் இளைஞர்களே. அவர்களுடைய தாய்மாரும் எங்கோ ஒரு படியில் அமர்ந்து இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

பழசாக்கும் கலையின் உயர்ந்த பாடம் இதுதான் எனலாம். எவ்வளவு அழுக்குப் பூசலாம் என்பதை அறிவது எளிது. எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அறிவதே கடினம். மிகையான தழும்பு வீரத்தைக் கூட்டிச் சொல்வதுபோற் தோன்றும். உண்மையிலோ நடந்ததை மறைக்கிறது. மாணவன் தான் முன்னர்த் தீட்டியிருந்த தழும்புகளிற் பலவற்றை மண்ணிற வர்ணத்தால் மீண்டும் மூடினான். இடது இறக்கையடியில் சிறு தேய்வு, திருகாணிகளைச் சுற்றிச் சில புள்ளிகள், புகைக்குழாய்க்குப் பின்னே மெல்லிய நிழல், சக்கரங்களிற் சிறிது தூசி. அவ்வளவே. துப்பாக்கி வாய்களின் துணியை அவன் கிழிக்கவில்லை.

வேலை முடிந்த அன்று மாலை அம்மம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். திரும்பி வராதவை எத்தனையோ என்பதையும் சொன்னான். அப்பொழுது அம்மம்மா, அதுவரை அவன் கேட்டறியாத செய்தியொன்றைச் சொன்னார். அவருடைய தகப்பனார் அக்காலத்தில் கொழும்பிலே கந்தோர் உத்தியோகம் பார்த்தவர். உயிர்த்த ஞாயிறன்று குண்டு வீழ்ந்ததும், கொழும்பிலிருந்த ஏராளமானோர் தத்தம் ஊர்களுக்கு ஓடினார்கள். அவ்வாறே அவரும் மனைவியையும் கைக்குழந்தையையும் நெரிசல் நிறைந்த புகைவண்டியிலே ஏற்றி ஊருக்கு அனுப்பினார். அந்தக் கைக்குழந்தைதான் அம்மம்மா. தன் தாய் அந்தக் காலையைப் பற்றிப் பலமுறை சொல்லக் கேட்டிருந்தும், பேரன் கையிலிருப்பது அன்று வானத்திலே நின்ற விமானம் என்பதை அவர் அந்த மாலையிலேயே அறிந்தார்.

மாதிரிகளை நூலிலே கட்டி, பறப்பதுபோற் கூரையிலிருந்து தொங்கவிடுவது வழக்கம். மாணவனும் அதற்கு நூல் வாங்கி வைத்திருந்தான். அம்மம்மா தலையை அசைத்தார்.

“தூக்கிக் கட்டாதை ராசா. நிலத்திலை நிக்கட்டும்.”

அவன் ஒரு பலகைத் துண்டை எடுத்தான். அதன்மேல் பசை தடவி, வளவிலிருந்து அள்ளிய மண்ணை அரித்துத் தூவினான். சக்கரங்களை விரித்தபடி விமானத்தை அதன்மேல் நிறுத்தினான். விமானியின் இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியைப் பின்னே தள்ளித் திறந்து வைத்தான். இருக்கை வெறுமையாக இருந்தது. இன்னும் எவரும் ஏறவில்லை.

நெல்லியடியிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத பலாலி விமானத் தளமும் அந்தப் போர்க்காலத்திற் பிரித்தானிய வான்படையினர் அமைத்ததே. போர் ஓய்ந்தபின், 1947 டிசம்பர் 10ஆந் தேதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து இத்தளத்தின் வழியாகவே சென்னைக்குப் பறந்தது. போருக்கென இட்ட தரையில் பயணிகள் இறங்கினார்கள். பின்னர் நெடுங்காலம் அத்தளம் மீண்டும் போரின் கையிற் சிக்கியது. 2019 அக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயரோடு மறுபடியும் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒரு துண்டு நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பதை அந்த நிலம் தீர்மானிப்பதில்லை. அதன்மேல் வாழும் மனிதரே தீர்மானிக்கின்றனர்.

பிள்ளைகள் கையிலே இத்தகைய மாதிரிகளைக் காணும் பெற்றோர், நேரம் வீணாகிறதென்று சினக்க வேண்டியதில்லை; போர்க்கருவியென்று பறித்து எறியவும் வேண்டியதில்லை. அருகிலே அமர்ந்து ஒரு கேள்வி கேட்டாற் போதும். இதை யார் செலுத்தினார்? எங்கே வீழ்ந்தது? கீழே இருந்தவர்கள் என்னவானார்கள்? வீட்டிலே மூத்தவர்கள் இருப்பின், அவர்களையும் அந்தப் படியில் அமரச் செய்யலாம். நூலில் இல்லாத விடைகள் சில அவர்களிடம் இருக்கக்கூடும்.

நெல்லியடி வீட்டின் விறாந்தை அலுமாரியில், பாடப் புத்தகங்களுக்குப் பக்கத்தில், அந்த ஹரிக்கேன் இப்பொழுது நிற்கிறது. சக்கரங்கள் மண்ணில், துப்பாக்கி வாய்களிலே கிழியாத துணி. அம்மம்மா காலையில் அலுமாரியைத் துடைக்கும்போது அதையும் எடுத்துத் தூசி தட்டி, மீண்டும் அந்த இடத்திலேயே வைக்கிறார்.